எஞ்சும் சுவர்

துப்பாக்கி ஒன்றை அதன் குழலுக்குள் இருக்கும் வெற்றிடத்தின் விட்டத்தைச் சொல்லி அடையாளம் காட்டுவதே உலக வழக்கமாயிருக்க, அந்த வெற்றிடத்தைச் சூழ்ந்து நின்று, வெடிமருந்தின் ஆவேசத்தைத் தன் உடலில் தாங்கி, சுடுகிறவனுடைய கண்ணையும் கையையும் காப்பாற்றித் தருகிற இரும்புச் சுவரின் கனம் எவ்வளவு என்று கேட்பவர் மிகச் சிலரே. வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியின் துளையைக் கடைந்து பெரிதாக்கலாமா, அப்படிப் பெரிதாக்கினால் அபாயமின்றிப் பிரயோகிக்கலாமா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் பட்டறைக் கேள்வியே ஆயினும், அதைச் சேர்வராயன் மலைமேல் வைத்துச் சிந்திக்கும்போது, ஒரு மலையின் சரித்திரமும், ஒரு சாம்ராஜ்யத்தின் சந்தேகமும், ஒரு சட்டத்தின் பலவீனமும் அந்தச் சிறு குழலுக்குள் அடங்கியிருப்பதை நான் காண்கிறேன்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அந்த மலைமேலுள்ள ஏற்காட்டை அடைகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியையும், பகோடா முனையையும், காபித் தோட்டங்களின் நிழலையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்து நடுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே, சாமையும் ராகியும் விதைத்து இந்த மலையை வாழிடமாக்கிக்கொண்டவர்கள், மலையாளிகள் என்று பெயர்பெற்ற, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர் மூவர் புறப்பட்டு வந்ததாகவும், மூத்தவன் சேர்வராயன் மலையிலும், நடுவன் பச்சைமலையிலும், இளையவன் கொல்லிமலையிலும் குடியேறியதாகவும் அவர்களுடைய ஐதிகம் கூறுகிறது. அவர்களுக்கும் முந்தியவர்கள் தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகளை இந்த மலையில் கண்டெடுத்துச் சேகரித்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றில் சில மரத்தடிச் சாமிகளின் சந்நிதியில் பூஜைப் பொருளாக வைக்கப்பட்டிருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார்கள். மூதாதையர் விட்டுச்சென்ற கருவியைத் தெய்வத்தின் அருகே வைக்கும் மனோபாவம் படைத்த மக்களிடம் ஒரு பழைய துப்பாக்கி, பாட்டன் கையிலிருந்து தகப்பன் கைக்கும் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கும் வந்து சேருமானால், அது வெறும் ஆயுதமாக மட்டும் பாவிக்கப்படுவதில்லை என்பதை முதலில் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

மலையின் விளிம்பில் நின்று தென்மேற்கே நோக்கினால், சேலத்துக்கு அப்பால், காந்த இரும்புக் கனிமம் நிறைந்த கஞ்சமலை தெரியும். அந்த மலையின் கல்லை உருக்கி இரும்பு எடுக்கும் வித்தை இப்பிரதேசத்துக் கொல்லர்களுக்குப் பரம்பரைச் சொத்தாயிருந்தது. அதைக் கண்டு வியந்த ஜோசயா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தைத் துறந்து, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, சேலத்துக் கனிமத்தைக் கடற்கரைவரை கொண்டுபோய் உருக்கினார் என்பதும், பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார் என்பதும் உலோகச் சரித்திரத்தில் பதிவான செய்திகள். தஞ்சைக் கோட்டையின் கீழ்வாசல் பீரங்கி மேட்டில் இன்றும் கிடக்கும் மாபெரும் பீரங்கி, நாயக்கர் காலத்தில், நெடுக்கே அடுக்கிய இரும்புப் பட்டைகளின் மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, உலையில் அடித்து ஒட்டவைக்கப்பட்டது. அந்தக் கொல்லர்கள், துளையைச் சுற்றி எவ்வளவு இரும்பு நிற்க வேண்டும் என்ற விசாரத்தோடு வேலையைத் தொடங்கியவர்கள். ஆகவே, சுவரைப் பற்றிய ஞானம் இந்த மண்ணுக்குப் புதியதன்று. அது எங்கே, எப்போது, யாரிடத்தில் நழுவிப்போயிற்று என்பதே ஆராயத்தக்கது.

மலை மக்கள் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லும் ஆயுதத்தின் அமைப்பு மிக எளியது. ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மரையிட்ட முளையால் அடைக்கப்பட்டும் இருக்கும் குழல். அடிப்பக்கத்தில் தீ உட்புகும் பற்றுவாய். அதன்மேல் வைக்கும் கேப்பு. கேப்பைத் தட்டும் குதிரை. இவற்றைத் தாங்கும் மரக்கட்டை. வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ வைத்துச் சலாகையால் இடித்துக் கெட்டித்து, அதன்மேல் ரவையையோ குண்டையோ இறக்கிச் சுடுகிறார்கள். ரைபிள் என்பதாயின், குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து அதன் பாதையை நேராக்கும். கரிமருந்தின் புகைக்கரி ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும் சுபாவமுடையது; மூடுபனியும் மழையும் ஆண்டில் பல மாதங்கள் சூழ்ந்து நிற்கிற ஏற்காட்டில், சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாத குழலின் உட்புறம் வெகு சீக்கிரம் புள்ளிபுள்ளியாகத் துருவேறிப் போகும். வரிப்பள்ளங்கள் மழுங்கும்; குண்டு நேராகச் செல்லாது. அப்போதுதான், உள்ளே சிறிது கடைந்து துருவையும் தேய்மானத்தையும் நீக்கி, சற்றுப் பெரிய குண்டுக்கு ஏற்றதாகக் குழலைப் புதுப்பித்துவிடலாமே என்ற யோசனை பிறக்கிறது. இந்த யோசனையில் தவறொன்றுமில்லை; அமெரிக்க எல்லைப்புறத்து வேட்டைக்காரர்கள் தங்கள் ரைபிள்களை ஆயுட்காலத்தில் பலமுறை இவ்விதம் புதுப்பித்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய பழைய குழல்கள் எட்டுப் பட்டையாக, கையில் எடுத்தால் கனக்கும்படியாக, பின்னாளில் கடைவதற்கும் இடம் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த உபரிச் சுவர் இல்லாத குழலுக்கு அதே சிகிச்சையைச் செய்வது, நோயைப் போக்கி நோயாளியை இழப்பதற்கு ஒப்பாகும்.

ஏன் என்பதைக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. லாமே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், கனத்த சுவருடைய உருளைக்குள் அழுத்தம் ஏறும்போது அந்தச் சுவரின் ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சூத்திரமாக்கினார். அவர் கண்ட உண்மைகளில் நமக்கு முக்கியமானது, இழுவிசை சுவர் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை, துளையை ஒட்டிய உள்விளிம்பிலேயே அது உச்சத்தில் நிற்கிறது என்பதாகும். 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழலில் 12 மில்லிமீட்டர் துளை இருந்தால் சுவர் ஆறரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். துளையை 16 மில்லிமீட்டராக விரித்தால் எஞ்சுவது நாலரை மில்லிமீட்டர். பார்வைக்கு இது பெரிய நஷ்டமாகத் தோன்றாது. ஆனால் மருந்தின் அழுத்தம் சிறிதும் மாறாதென்று வைத்துக்கொண்டாலும், உள்விளிம்பின் இழுவிசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அடிமுளையைப் பின்னுக்குத் தள்ளும் விசை முக்கால் மடங்குக்கு மேல் கூடுகிறது. துளைக்குப் பொருந்தும் உருண்டைக் குண்டின் எடையோ இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகிறது. கனத்த குண்டை முன்போலவே வேகமாகச் செலுத்த வேண்டுமென்ற ஆசையில் மருந்தையும் கூட்டினால், மெலிந்த சுவரின்மேல் முன்னிலும் பெரிய பாரத்தை ஏற்றுகிறோம். பெரிய துளை பெரிய பலம் என்ற எண்ணம் எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டியதில்லை.

கணக்குக்குள் அடங்காத விஷயங்கள் அதைவிடக் கொடியவை. பழைய குழலில் துளையும் வெளிவடிவமும் ஒரே மையம் கொண்டிருப்பது அபூர்வம். மையம் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், நாலரை மில்லிமீட்டர் என்று நாம் நம்பிய சுவர் ஒரு பக்கத்தில் மூன்றரையாகவே நிற்கும். குறிபார்க்கும் முனையைப் பதிக்கவும், கட்டையோடு குழலைப் பிணைக்கவும் வெளிப்புறத்தில் வெட்டிய காடிகள் சுவரை இன்னும் குடைந்திருக்கும். அடிமுளையின் மரை விட்டத்தைத் துளை நெருங்கிவிட்டால், முளை அமர்ந்து நிற்கும் விளிம்பு கரைந்துபோய், அந்த இடுக்கில் கரியும் ஈரமும் தங்கி, கண்ணுக்குப் படாமலே மரையை அரிக்கும். இரும்புப் பட்டையைச் சுருட்டி உலையில் ஒட்டிய அக்காலத்துக் குழல்களில் ஒட்டின் வரியிலே கசடு சிக்கியிருக்கலாம். அது மேலே தெரியாது, ஆனால் கடையும்போது அதன்மேல் போர்த்தியிருந்த நல்ல இரும்பே போய்விடுகிறது. நீர் கொண்டுபோவதற்கென்று செய்த குழாயைக் குழலாக்கிய இடங்களில் இந்த விசாரணைக்கே இடமில்லை. கரிமருந்து பற்றும் கணத்தில் பிறப்பது பல நூறு வளிமண்டல அழுத்தம், நீர்க்குழாயோ அதைக் கனவிலும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று.

ஆகவே, உத்தமமான ஆயுதத் தச்சன் ரீமர் என்னும் கடைகருவியைக் கையிலெடுப்பதற்கு முன் நெடுநேரம் அளக்கிறான். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடிமுளையைத் திருகியெடுத்து, அடியிலும் நடுவிலும் நுனியிலும், ஒவ்வொரு காடியின் கீழும், மிக மெலிந்த இடம் எது என்று தேடுகிறான். எஃகின் ஜாதி எது என்று விசாரிக்கிறான். மெலிந்த இடமே முழுக் குழலின் பலம் என்று வைத்துக்கொண்டு முடிவு செய்கிறான். செய்யலாம் என்று தீர்மானித்தால், பழைய துளையையே வழிகாட்டியாகப் பற்றிச் செல்லும் முனையுடைய கருவியால், எண்ணெய் வார்த்து, மெதுவாக, ஒரு வீச்சில் மிகச் சிறிதளவே சீவிக்கொண்டு, மையம் பிறழாமல் பார்த்துக்கொள்கிறான். செய்யக்கூடாது என்று கண்டால் குழலை உடையவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அந்த மறுப்பையே அவனுடைய தொழிலின் சிகரமாக நான் மதிக்கிறேன். ஏனெனில், சீவிய இரும்பைத் திரும்ப ஒட்டவைக்கும் வித்தை எவருக்கும் தெரியாது.

இந்த விவேகத்தை ஒரு சாம்ராஜ்யமே மறந்த கதை நம் தேசத்துச் சரித்திரத்தில் உண்டு. 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு ரைபிள், வாய்வழியே கெட்டிப்பது, துளை 0.577 அங்குலம், மூன்று வரிப்பள்ளங்கள், நூற்றுக்கணக்கான கஜ தூரத்துக்கு அளவு குறித்த பின்பார்வை. அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய சந்தேகமே 1857-இன் பெருந்தீக்குப் பொறியாயிற்று என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பின் நடந்ததை அறிந்தவர் சிலரே. கலகம் அடங்கியபின், இந்தியச் சிப்பாயின் கையில் தொலைவு சுடும் ரைபிள் இருப்பது ஆட்சிக்கு ஆகாது என்று கருதிய அதிகாரிகள், அவனுக்கென்று 1858-ஆம் ஆண்டு மாதிரி என்ற ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அதன் ரகசியம் மிக எளியது: என்பீல்டுக் குழலின் வரிப்பள்ளங்கள் முற்றிலும் மறையும்படி உட்புறத்தைக் கடைந்து, துளையை 0.656 அங்குலமாக விரித்து, வழவழப்பான குழலாக்கி, தூர அளவுள்ள பார்வைக்குப் பதிலாக அசையாத ஒரு கட்டையை வைத்துவிட்டார்கள். பார்வைக்கு என்பீல்டு, பலத்தில் பழைய மஸ்கட்டு.

இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். சுவரின் ஒவ்வொரு பக்கத்திலும் போனது ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் போதுமானதாயிற்று. மெலிந்த குழல்கள் வீங்கவும் வளையவும் தொடங்கின. அடுத்த ஆண்டே, 1859-ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில், அதே துளைக்குக் கனத்த சுவர் வைத்துப் புதிதாகக் குழல் செய்ய வேண்டியதாயிற்று. ஆயுதத் தொழிலில் அன்று உலகில் முன்னணியில் நின்ற தேசம், தேர்ந்த தச்சர்களும் துல்லியமான இயந்திரங்களும் கைவசம் வைத்திருந்தும், எஞ்சும் சுவரைப் பற்றி ஏன் முன்கூட்டியே எண்ணவில்லை? அந்தக் கடைசலின் நோக்கம் ஆயுதத்தை மேம்படுத்துவதாயிருக்கவில்லை, மனிதனை நம்பாமையாயிருந்தது என்பதே எனக்குத் தோன்றும் விடை. பயத்தினால் செய்யப்படும் காரியத்தில் மனம் எதை நீக்குவது என்பதிலேயே லயித்துவிடுகிறது. எது மீந்திருக்க வேண்டும் என்ற சிந்தனை அங்கே புகுவதில்லை. சிப்பாயின் நெடுந்தூரப் பார்வையைப் பறிக்க விரும்பியவர்கள், அவன் கன்னத்தோடு அணைத்துச் சுடுகிற இரும்பின் பலத்தையும் சேர்த்துப் பறித்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபும் ஐரோப்பாவில் உருவாகியிருந்தது. லண்டன் துப்பாக்கிச் செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. லீஜ் நகரில் 1672-லும், பர்மிங்காமில் 1813-லும் குழல் சோதனைக்கு விதி வகுத்தார்கள். வழக்கமான அளவைக் காட்டிலும் மிகுந்த மருந்தைக் கெட்டித்து, மனிதர் எவரும் அருகில் நிற்காதவாறு வெடிக்கச் செய்து, வீக்கமும் வெடிப்பும் உண்டா என்று பரிசோதித்து, தேறிய குழலின்மேல் முத்திரை பதிப்பது அந்த விதியின் சாரம். அதில் நான் மிகவும் போற்றுவது ஒன்றுண்டு: முத்திரை பெற்ற குழலைப் பின்னால் கடைந்து பலவீனப்படுத்தினால், பழைய முத்திரை செல்லாது, மீண்டும் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். இரும்பின்மேல் கைவைத்தவனை, சமூகத்தின் கண்முன்னே மறுபடியும் நிற்கச் செய்கிற ஏற்பாடு அது.

நம் தேசத்திலோ, ஆயுதத்தைப் பற்றிய சட்டம் வேறொரு கருவிலிருந்து பிறந்தது. 1857-லேயே தொடங்கிய ஆயுதப் பறிமுதல், லிட்டன் பிரபு காலத்தில் 1878-ஆம் ஆண்டின் சட்டமாக முழு வடிவம் பெற்றபோது, ஐரோப்பியர்கள் அதிலிருந்து விலக்குப் பெற்றார்கள். ஏற்காட்டின் காபித் தோட்டத் துரையின் சுவரில் துப்பாக்கி கேள்வியின்றித் தொங்க, அதே மலைச்சரிவில் சாமைக் கொல்லையைப் பன்றியிடமிருந்து காக்க இராக் காவல் கிடந்தவனுக்கு அனுமதிச் சீட்டு தேவையாயிற்று. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தப் பேதத்துக்கு இடம் தரவில்லை. அதன் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் 5-ஆவது பிரிவோ, உரிமமின்றித் துப்பாக்கியைச் செய்வதையும், மாற்றுவதையும், பழுது பார்ப்பதையும், சோதிப்பதையும் தடுக்கிறது. ஆகவே, குழலைக் கடைவது உரிமம் பெற்ற கைக்கே உரிய காரியம். அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்த உரிமம் பெற்ற கையும், சோதனைச் சாலையும் மலை மனிதன் நடந்து எட்டக்கூடிய தூரத்தில் உண்டா என்று கேட்கும் கடமையும் நமக்கு இருக்கிறது.

அந்த வசதி இல்லாததன் பலன் பிரத்யட்சமாகத் தெரிகிறது. சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைக்கும்படி போலீசார் ஊர்ப் பெரியவர்கள் வழியாக அவ்வப்போது கேட்டுக்கொள்வதும், அவை குவியலாக வந்து சேருவதும் பத்திரிகைகளில் நாம் படிக்கும் செய்திகள். அந்தக் குவியலில் கிடக்கும் எந்தக் குழலின் சுவரையும் யாரும் அளந்ததில்லை. மறைவில் செய்து, மறைவில் கடைந்து, மறைவில் சுட்டவை அவை. வெடித்துக் கை இழந்தவன்கூட, வழக்குக்கு அஞ்சி, காயத்தின் காரணத்தை வைத்தியரிடம் மறைக்கும் நிலை உண்டாகிறது. ஒருவனுடைய துன்பம் மற்றவனுக்குப் பாடமாகும் வழியும் அதனால் அடைபட்டுப் போகிறது. இரும்பைப் பற்றிய அறிவு எப்போதும் பலருடைய பிழைகளைப் பகிரங்கமாகச் சேர்த்துவைத்து வளர்ந்தது. பிழையை மறைக்க வேண்டிய இடத்தில் அது வளர மாட்டாது.

பெரிய துளையை விரும்புவதற்கு மலையில் இன்று சொல்லப்படும் காரணத்தையும் நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை. காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் உழைப்பைக் கிளறிப்போட்டுவிடுகின்றன. காபித் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் சஞ்சரிக்கின்றன. ஆயினும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டெருமை மிக உயர்ந்த காப்புப் பெற்ற பிராணி; உரிமமுள்ள துப்பாக்கியானாலும் விவசாயி தன்னிச்சையாக அதைச் சுடுவதற்கு இடமில்லை, பன்றியும் சட்டத்தின் காவலுக்குள்தான் நிற்கிறது. எனவே, வயலில் அந்தத் துப்பாக்கியின் நியாயமான பிரயோஜனம் பெரும்பாலும் ஓசையெழுப்பி விரட்டுவதே. ஓசைக்கு அகன்ற துளை வேண்டியதில்லை. நஷ்டத்துக்கு உரிய காலத்தில் ஈடு, வேலிக்கு உதவி, வனத்துறையின் விரைவான வருகை ஆகியவை கிடைக்குமானால், குழலைக் குடையும் ஆசையில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும் என்று நான் நம்புகிறேன்.

எஞ்சுகிற ஆசை, பாட்டன் விட்டுச்சென்ற பொருளைப் பழுது நீக்கிப் பேண வேண்டுமென்ற நியாயமான ஆசை. அதற்கு வழி செய்வது அரசாங்கத்துக்கு அசாத்தியமானதன்று. 1966 முதல் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்கிவருகிறது. குழலின் சுவரை அளக்கவும் வெடிப்பைக் கண்டறியவும் தேர்ந்த கைகளும் கருவிகளும் ஏற்காட்டிலிருந்து அரைநாள் பிரயாண தூரத்திலேயே உள்ளன. உரிமம் பெற்ற மலைத் துப்பாக்கிகளை ஆண்டுக்கொரு முறை அத்தகைய கைகளிடம் காட்டி, இது சுடத் தகுதியானது, இது சுவரில் தொங்கத் தகுதியானது என்று பிரித்துக் கொடுக்கும் முகாம் ஒன்றை மலையிலேயே நடத்தினால் என்ன? தகுதியற்றதன் பற்றுவாயை நிரந்தரமாக அடைத்து, குடும்பத்தின் நினைவுப் பொருளாக அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சட்டப்படி இடம் அளித்தால், ஒப்படைத்தால் அவமானம் என்ற எண்ணமும், மறைத்தால் ஆபத்து என்ற நிலைமையும் ஒருங்கே நீங்கும்.

குழலைப் பெரிதாக்குவது அபாயமின்றி முடியுமா என்ற தொடக்கக் கேள்விக்கு என் விடை இது: முடியும், ஆனால் சுவர் போதிய கனத்தோடு இருக்கும்போதும், அதை அளந்தவன் அளவை ஒளிக்காமல் சொல்லும்போதும், முடித்த வேலையை வேறொருவர் கண்முன் சோதிக்கும்போதும் மட்டுமே முடியும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், ஏற்காட்டு விவசாயிக்கும் 1858-இன் சிப்பாய்க்கும் கையில் கிடைப்பது, நம்பக் கூடாத இரும்பே. முதல் நிபந்தனை உலோகத்தைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் மனிதர்களுக்குள் இருக்க வேண்டிய நம்பிக்கையைச் சேர்ந்தவை. தன் மக்களை நம்பி, அவர்கள் ஆயுதத்தை வெளிச்சத்தில் அளந்து பார்க்க அழைக்கிற அரசே அவர்களுடைய கைகளைக் காப்பாற்ற முடியும். அந்த அழைப்பை மலைக்கு அனுப்புவதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.